தர்காவில் கொடுத்த சர்க்கரை

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தாள். பழைய பெங்களூரின் இருண்ட வரலாற்றையும், ஆவிகள் உலவுவதாகச் சொல்லப்படும் தெருக்களையும் மாலை நேரத்தில் நடந்தே பார்க்கும் ஒரு சுற்றுலாவைப் பற்றியது அது. "மாமா, நீங்க அல்சூர்லயே பொறந்து வளர்ந்தவங்க. நீங்க வந்தா நானும் போறேன்" என்று அதன் கீழே எழுதியிருந்தாள். பழைய பாடப்புத்தகம் வாங்குவதற்காக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவென்யூ சாலையில் நடந்த நாளிலிருந்து அந்தப் பேட்டைத் தெருக்களை நான் அறிவேன். ஆனாலும் இருட்டும் நேரத்தில், இறந்தவர்களை நினைத்துக்கொண்டு அங்கே நடந்ததில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கோட்டையின் டெல்லி வாசலில் ஏறத்தாழ பதினைந்து பேர் கூடினோம். கெம்பே கௌடர் 1537-இல் மண்ணால் கட்டிய நகரத்துக்குத் தெற்கே, ஹைதர் அலி 1761-இல் கல்லால் எடுத்துக் கட்டிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது இந்த வாசலும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு மதிலும்தான். மற்ற இடமெல்லாம் விக்டோரியா மருத்துவமனையாகவும், வாணி விலாஸ் மருத்துவமனையாகவும், மருத்துவக் கல்லூரியாகவும், பேருந்துகள் இரைந்து செல்லும் சாலைகளாகவும் மாறிவிட்டது. உள்ளே ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அன்று யாரோ ஏற்றிய அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாசல் கதவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். யானைகள் முட்டித் திறந்துவிடாமல் இருப்பதற்காக அறைந்த இரும்பு முட்கள் சில இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. ஒரு முள் இருந்து விழுந்த இடத்தில் விரல் நுழையும் அளவு துளை ஒன்று இருந்தது. அக்கா மகள் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள். உள்ளே மரம் சில்லென்று இருந்தது என்றாள்.

எங்களுக்கு வழிகாட்டிய இளைஞர் நல்லவர், ஆர்வமுள்ளவர். தாழ்வான இருட்டறை ஒன்றின் முன்பாக எங்களை நிறுத்தி, நிலவு காயும் இரவுகளில் இங்கிருந்து அலறல் கேட்பதாகக் காவலாளிகள் சொல்வார்கள் என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே படம் எடுத்தார்கள். அந்த அலறலைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். யார் அலறினார்கள், ஏன் அலறினார்கள் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இருக்கும் ஊர் இது என்பதால், அன்று மாலை எனக்குள் முதல் முறையாக ஒரு வருத்தம் எழுந்தது.

1791 மார்ச் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மைசூர்ப் போரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகவும் தலைமைத் தளபதியாகவும் இருந்த கார்ன்வாலிஸ் தாமே படையை நடத்திக்கொண்டு பெங்களூரை முற்றுகையிட வந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு யார்க்டவுனில் அமெரிக்கப் படைகளிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான். மார்ச் 7-ஆம் நாள் அவருடைய படை முதலில் பேட்டையைத் தாக்கியது. ஆழமான அகழியும் அடர்ந்த முள்வேலியும் சூழ்ந்திருந்த அந்த வணிகர் நகரத்தின் வாசலை உடைக்கும்போதே லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் குண்டடி பட்டு இறந்தார். அதன் பிறகு தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. இன்று நாம் புடவை எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் செல்கிற அதே தெருக்கள் அவை.

பேட்டை விழுந்த பிறகு கோட்டை மதிலைப் பீரங்கியால் அடித்து உடைத்தார்கள். மார்ச் 21-ஆம் நாள் இரவு பதினொரு மணியளவில், நல்ல நிலவொளியில், உடைந்த மதில் வழியாக ஏறினார்கள். உள்ளே கைகலப்பாக நடந்த சண்டை நெடுநேரம் நீடிக்கவில்லை. கோட்டையைக் காத்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஓர் இரவில் இறந்தார்கள். திப்பு சுல்தானின் படை அதிகத் தொலைவில் இல்லை, ஆனால் உதவி நேரத்துக்கு வந்து சேரவில்லை. 'இந்த உடைப்பின் வழியாகவே ஆங்கிலேயரின் தாக்குதல் நடந்தது' என்ற பொருளில் நாளும் ஆண்டும் குறித்த பலகைக்கல் ஒன்று பின்னாளில் பதிக்கப்பட்டது. நிலவு, இரவு, அலறல் மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. காவலாளி சொன்னதாகச் சொல்லப்படும் கதையை விட அந்த ஒரு வரி என்னை அதிகமாக நடுங்கச் செய்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கார்ன்வாலிஸ் சென்னையிலிருந்து புறப்பட்டு, மொகிலிக் கணவாய் வழியாக மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தவர். அவர் படையில் மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களோடு மாட்டுக்காரர்களும் சுமைகூலிகளும் டோலி தூக்கிகளும் வந்தார்கள். தமிழ் பேசிய எத்தனையோ பேர் அந்த அகழியில் விழுந்திருப்பார்கள். முற்றுகையில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவாக எழுப்பிய உயரமான தூண் ஒன்று இன்றைய மாநகராட்சி அலுவலகத்துக்கு அருகே நெடுங்காலம் நின்றது. அந்தத் தூணின் பெயரால் வழங்கிய செனோடாஃப் சாலைதான் இப்போது நிருபதுங்க சாலை. 1964-இல் தூணை இடித்துவிட்டார்கள். அதை இடித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வடஆர்க்காட்டிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கூலிக்குத் துப்பாக்கி தூக்கி வந்து இங்கே இறந்த ஒருவனின் பெயரை நான் இந்த ஊரில் எந்தக் கல்லிலும் படித்ததில்லை என்பது மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கோட்டையிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தோம். கிருஷ்ணராஜ உடையாரின் பெயரில் 1921-இல் கட்டிய சிட்டி மார்க்கெட், கோட்டைக்கும் பேட்டைக்கும் நடுவிலிருந்த வெட்டவெளியில், அதாவது போர் நடந்த தரையில் நிற்கிறது. மாலையில் பூக்கடைகள் உச்சத்தில் இருந்தன. ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும், மூட்டை மூட்டையாகச் சாமந்தியும், நனைத்த சாக்கில் கனகாம்பரமும் குவிந்து கிடந்தன. "முழம் எவ்ளோ?" என்று தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிற இடம் அது.

பிளேக்கைப் பற்றி வழிகாட்டி சுருக்கமாகத்தான் சொன்னார். எனக்கோ அன்றைய மாலையின் நடுப்பகுதியே அதுதான் என்று தோன்றியது. 1896-இல் பம்பாயில் தொடங்கிய கொள்ளைநோய் 1898 ஆகஸ்டில் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்தது. நோயைப் பரப்புவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் அதே 1898-இல்தான் கராச்சியில் சோதனை செய்து காட்டினார், அதையும் மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே அன்று இந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் எலி செத்து விழுந்தால், அடுத்து மனிதர் விழுவார். காற்றில்லாத ஒடுக்கமான வீடுகளில் கூரையைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள், துணிமணிகளை எரித்தார்கள், நோய் கண்டவரை வீட்டாரிடமிருந்து பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பூட்டிய கதவின் மேல் அதிகாரிகள் போட்ட குறியைப் பார்த்தே தெரு காலியாயிற்று. பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகலமான தெருக்களும் காற்றோட்டமும் உள்ள பகுதிகளாக அந்தக் காலத்தில் விரிவடைந்ததற்கும், கண்டோன்மெண்டில் நெருக்கியடித்துக் கிடந்த தமிழர் குடியிருப்பான பிளாக்பள்ளிக்கு அப்பால் ஃப்ரேசர் டவுன் உருவானதற்கும் அந்த மரணங்களே காரணம். நாம் இன்று நிழல் தரும் மரங்களைப் பாராட்டிக்கொண்டு நடக்கிற சாலைகளின் அகலம், யாரோ மூச்சுவிட முடியாமல் இறந்ததால் கிடைத்த அகலம்.

மக்கள் அந்த நோயை என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் தொடக்கம். அவர்கள் அதை அம்மனாக்கினார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இருப்பதைப் போலவே பெங்களூரிலும் பிளேகம்மாவுக்குக் கோயில் உண்டு. உயிரைக் கொண்டுபோனவளிடமே மிச்சமிருக்கும் உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கூழும் வேப்பிலையும் வைத்துக் கும்பிட்டார்கள். இதைப் பயம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இழந்தவர்களை மறக்காமல் இருப்பதற்கு எழுத்தறியாத மக்கள் கண்ட வழி இது என்று நான் நம்புகிறேன்.

கெம்பே கௌடரின் மருமகள் லட்சுமி தேவியின் கதையையும் வழிகாட்டி சொன்னார். நகரத்தின் தெற்கு வாசல் எத்தனை முறை கட்டினாலும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததாகவும், நிறைமாதக் கர்ப்பிணியைப் பலி கொடுத்தால்தான் நிற்கும் என்று சோதிடர்கள் சொன்னதாகவும், மாமனாரின் மனம் அதற்கு ஒப்பாததைக் கண்டு கர்ப்பிணியான மருமகளே நள்ளிரவில் வாசலுக்குச் சென்று தன் கழுத்தை அறுத்துக்கொண்டதாகவும் கதை. இது ஐதிகம், வரலாறு என்று யாரும் உறுதிகூற இயலாது. ஆனால் கோரமங்கலாவில் அவளுக்குச் சமாதியும் கோயிலும் இருக்கின்றன. ஏரிக்கரை நிற்க, மதகு நிற்க, கோட்டை நிற்க ஒரு பெண்ணைக் காவு கொடுத்த கதை தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் இருக்கிறது! வழிகாட்டி கதையை முடிக்கும்போது, கொலுசுச் சத்தம் இன்னும் கேட்பதாக ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். அந்த வரி வேண்டியிருக்கவில்லை. லட்சுமம்மாவைக் கும்பிடும் எந்தப் பெண்ணும் அவளைக் கொலுசு கட்டிய பேயாக நினைப்பதில்லை, வயிற்றுப்பிள்ளையோடு போன தாயாகவே நினைக்கிறாள்.

முன்பு தொட்டபேட்டை என்று வழங்கிய அவென்யூ சாலைக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அங்கேதான் 'நாளே பா' கதை வந்தது. 1990-களில் பெங்களூரு முழுவதும் பரவிய வதந்தி அது. இரவில் ஒரு பெண் உறவினரின் குரலில் பெயர் சொல்லிக் கதவைத் தட்டுவாள், திறந்தவர் பிழைக்கமாட்டார், ஆகவே கதவில் 'நாளை வா' என்று கன்னடத்தில் எழுதிவைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போவாள் என்றார்கள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எங்கள் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத வராது. அப்பா இரவு ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து எங்கள் கதவில் தன் விரலாலேயே அந்த இரண்டு சொற்களை எழுதினார். கடைசி எழுத்தின் வால் கீழே வழிந்து நிலைப்படி வரை இறங்கியது. "பயப்படாதம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று அரைகுறைத் தமிழில் அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. 1991-இல் காவிரிக் கலவரம் நடந்து அதிக நாள் ஆகாத காலம் அது. பேய்க் கதை என்று நான் நினைவில் வைத்திருப்பது அந்த மஞ்சள் விரலைத்தான்.

அதற்குப் பிறகு வழிகாட்டி நகரின் மற்ற 'பேய் இடங்களை' வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மையப்பகுதியில் ஒரு பழைய பங்களாவில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கொலையை அவர் விவரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இறந்தவரின் உறவினர்கள் உயிரோடிருக்கும்போது அந்த மரணத்தைக் கதையாக்கிக் காசு வாங்குவது தவறு என்றே கருதுகிறேன், அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்ததாக அவர் கல்பள்ளி மயானத்தின் பெயரைச் சொன்னார். வெள்ளை உடையில் ஒரு முதியவர் கல்லறைகளுக்கிடையே நடப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்களாம்.

பழைய மதராஸ் சாலையை ஒட்டிய கல்பள்ளியில்தான் என் தாத்தாவை எரித்தோம். அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் கல்பள்ளிக்கு யாரையாவது கொண்டுபோகாத குடும்பம் அரிது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அங்கே இடமிருக்கிறது, கல்லறைகளில் தமிழ் எழுத்தைப் படிக்கலாம். தாத்தா வெள்ளை வேட்டியைத் தவிர வேறு எதையும் கட்டியதில்லை. அக்கா மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா அங்கதானே மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதன் பிறகு கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.

பெயர் தெரியாதபோதுதான் இறந்தவர் பேயாகிறார். பெயரும் உறவும் தெரிந்துவிட்டால் அவர் தாத்தா, அம்மன், வீரன், ஷஹீத் என்று முஸ்லிம்கள் போற்றும் தியாகி. அகாலத்தில் இறந்தவனைத் துரத்திவிடாமல், ஊர் எல்லையில் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் வெட்டி, ஆண்டுக்கொருமுறை படையல் வைப்பது நம் பழைய வழக்கம். மதுரை வீரனும் காத்தவராயனும் கொலையுண்டவர்கள், இன்று எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வங்கள். கன்னட நாட்டிலும் அதே வழக்கம்தான். நாம் நடுகல் என்பதை அவர்கள் வீரக்கல் என்கிறார்கள். பெங்களூரு என்ற பெயருக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆதாரமே, தெற்கே பேகூர் நாகநாதேஸ்வரர் கோயிலிலுள்ள ஒரு வீரக்கல். ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பழங்கன்னடக் கல்வெட்டு 'பெங்களூரு காளகம்', அதாவது பெங்களூருச் சண்டையில் ஒருவன் இறந்ததைக் குறிக்கிறது. கெம்பே கௌடருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த ஊரின் பெயர் ஒரு மரணக் குறிப்பில் இருந்திருக்கிறது. இருண்ட வரலாற்றைச் சொல்லும் நடை எதுவாயினும் பேகூரிலிருந்து தொடங்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவில் பேட்டைத் தெருக்களில் நடப்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு மரபு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சித்திரைப் பௌர்ணமியன்று நள்ளிரவு கடந்து தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும். தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தின் பூசாரி, திரௌபதியாகவே கருதப்பட்டு, மனைவியின் தாலியையும் வளையலையும் தாம் அணிந்துகொண்டு, தலையில் மல்லிகைக் கரகத்தைக் கையால் தொடாமல் சுமந்து விடியும் வரை நடப்பார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் உடன் ஓடுவார்கள். கரகம் விழுந்தால் சுமந்தவர் உயிரும் போகும் என்பது அந்த வாளின் பொருள். அந்த ஊர்வலம் காட்டன்பேட்டையில் மஸ்தான் சாகிபு தர்காவுக்குள் சென்று மரியாதை செலுத்திவிட்டுத்தான் மேலே செல்லும்.

தர்கா என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் குழு மார்க்கெட்டிலிருந்து அவென்யூ சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சிறிய தர்காவைக் கடந்துதான் வந்தது, வழிகாட்டி அங்கே நிற்கவில்லை. பேய்க் கதை எதுவும் இல்லாத இடம் என்பதால் விட்டிருக்கலாம். நடை முடிந்து எல்லோரும் ஆட்டோ பிடித்துக் கலைந்த பிறகு, நானும் அக்கா மகளும் அங்கே திரும்பி வந்தோம்.

1791 மார்ச் 21 இரவில் கோட்டைக்குத் தலைவராக இருந்த பகதூர் கான் அடங்கிய இடம் அது. உயரமானவர், வெண்தாடி நெஞ்சுக்குக் கீழே தொங்கும், வயது எழுபதையொட்டி இருக்கும் என்று எதிரிப்படையில் இருந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடவும் இல்லை, சரணடையவும் இல்லை, வாளோடு நின்று இறந்தார். அவருடைய வீரத்தை மதித்து, உடலைத் திப்புவிடம் அனுப்பிவைப்பதாகக் கார்ன்வாலிஸ் செய்தி சொன்னார். அவர் விழுந்த ஊரிலேயே, அந்த ஊர் முஸ்லிம்களின் கையால் அடக்கமாவதே அவருக்குரிய மரியாதை என்று திப்பு பதில் அனுப்பியதாகப் பதிவுகள் சொல்கின்றன. தோற்ற கோட்டையின் தலைவர் அப்படித்தான் இந்தச் சந்தைத் தெருவில் ஷஹீதாக, வேண்டுதல்களைக் கேட்கும் பெரியவராக ஆனார்.

உள்ளே பச்சைப் போர்வையின் மேல் அன்றைய ரோஜா இதழ்கள் கிடந்தன. பூ மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர் ஒருவர் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கை வரை சாமந்தி மகரந்தம் ஒட்டியிருந்தது. அக்கா மகள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வாசற்படியருகே நின்றாள். பெரியவர் ஒருவர் எங்களிடம் எதுவும் கேட்காமல், பாத்திஹா ஓதிய சர்க்கரையைச் செய்தித்தாள் துண்டில் மடித்து அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேர ஒன்பதரை மணி ஆயிற்று. அம்மா தூங்காமல் இருந்தார். பேத்தி பொட்டலத்தைப் பிரித்து நீட்டியதும், எந்தக் கோயில் பிரசாதம் என்று கேட்டார். கோட்டையைக் காத்து இறந்த பகதூர் கானைப் பற்றி அவள் தனக்குத் தெரிந்தவரையில் சொன்னாள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவருக்கு அப்போது என்ன வயது என்று கேட்டார்.

"எழுபது இருக்கும் பாட்டி."

"எனக்கும் வர்ற தையில எழுபதுதான்" என்றார் அம்மா. பிறகு மீதிச் சர்க்கரையைச் சிந்தாமல் மடித்து, பூஜை அலமாரியில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.